திருநெல்வேலிச் சீமையின் மழை எந்தக் கடலின் நீர்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் விடாமல் பெய்கிறது. அதே நாளில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் புழுதிக்காற்று அடிக்கிறது. ஐப்பசி பிறந்தால் நிலைமை தலைகீழ். நமக்கு மழையாக விழும் தண்ணீர் உண்மையில் எங்கே ஆவியானது? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஊரில் மரமும் குளமும் பெருகினால் மழை கூடுமா?"

நல்ல கேள்விகள். மூன்றாவது கேள்விக்குப் பலரும் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடுகிறார்கள். முதல் இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்டால்தான் அதற்கு நேர்மையான பதில் கிடைக்கும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், ஜூன் முதல் செப்டம்பர் வரை பொதிகை மலையிலும் அதன் அடிவாரத்திலும் விழும் மழைக்கான ஈரம் அரபிக்கடலிலும், அதற்கும் அப்பால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள இந்தியப் பெருங்கடலிலும் ஆவியானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சமவெளியை நனைப்பது வங்கக்கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் ஆவியான நீர். சித்திரை, வைகாசியின் இடிமழையில் இரண்டு பக்கத்து ஈரமும் கலந்திருக்கும். ஆனால் இந்தச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொண்டால், குற்றாலத்தில் பெய்தும் பாளையங்கோட்டையில் ஏன் பெய்யவில்லை என்பது விளங்காது.

ஈரம் என்பது வேறு, மழை என்பது வேறு. பாளையங்கோட்டையில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு நேர்மேலே வானம் முட்ட நிற்கும் காற்றில் உள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கித் தரையில் பரப்பினால், ஜூலை மாதத்தில்கூட 40 மில்லிமீட்டருக்கு மேல் தேறும். தூத்துக்குடி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் தென்மேற்குப் பருவத்தின் நான்கு மாதங்களையும் சேர்த்தே சராசரியாக 100 மில்லிமீட்டர் மழையை எட்டுவதில்லை. இந்தியாவிலேயே அந்தப் பருவத்தில் மிகக் குறைவாக மழை பெறும் பகுதிகளில் இதுவும் ஒன்று. அதாவது, நான்கு மாதம் முழுவதும் விழும் மழையில் கிட்டத்தட்ட பாதியளவு நீர், எந்த நேரத்திலும் தலைக்கு மேலே ஆவியாக நின்றுகொண்டேதான் இருக்கிறது. ஆடிக்காற்றில் நம் சமவெளிக்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரத்தைத் தூக்கி மேலே கொண்டுபோய்க் குளிரச் செய்யும் ஏற்றம்தான் இல்லை.

ஏற்றம் மலைக்கு அந்தப்புறம் நடந்து முடிந்துவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் காற்று கேரளப் பக்கச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, புனலூரிலும் தென்மலையிலும் அகத்தியமலையின் மேற்கு முகத்திலும் தன் நீரைக் கொட்டுகிறது. உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதே காற்று அழுந்திச் சூடேறுகிறது. மேகம் கரைந்துவிட்ட பிறகு, ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி கூடும். சூடான காற்றில் உள்ள ஆவி துளியாகத் திரளாது. இருக்கும் மேகமும் கரையும். பணகுடி, இராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் இரவு பகலாகச் சுழல்கின்றனவே, அந்தக் காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வந்த காற்றுதான். மின்சாரத்துக்குக் கணவாய்க் காற்று, நெல்லுக்கு மலை மழை என்று ஒரே பருவக்காற்று இரண்டாகப் பிரிந்து நமக்குப் பயன்படுகிறது.

குற்றாலத்துக்கு மட்டும் ஏன் சலுகை? செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. அங்கே மலைத்தொடர் தாழ்ந்துபோகிறது. அந்த இடைவெளி வழியாகவும் அதை ஒட்டிய தாழ்ந்த முகடுகளுக்கு மேலாகவும் வரும் மேகம், முழுதாகக் கரைவதற்கு முன்பே நம் பக்கம் வந்துவிடுகிறது. அதில் இருக்கும் துளிகள் சிறியவை. காற்று அவற்றைச் சில கிலோமீட்டர் தூரம் கிழக்கே அடித்துக்கொண்டு வருகிறது. சாரல் நாளில் ஐந்தருவிச் சாலையில் நின்று பார்த்தால் துளி மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிக்கிறது. வெயிலும் கூடவே இருக்கும். தென்காசியைத் தாண்டிப் பாவூர்சத்திரம் வரும்போது அது மெலிந்துவிடும். ஆலங்குளத்தில் வெறும் காற்று. மேகம் கரைந்து முடியும் எல்லையை அந்தச் சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

சரி, கேரளக் கரையைத் தொடும் காற்றில் அந்த ஈரம் எங்கே ஏறியது? இது வானிலை அறிவியலில் பல பத்தாண்டுகள் நடந்த வாதம். இந்திய வானிலையாளர் பி. ஆர். பிஷரோடி 1965இல், அரபிக்கடலில் ஆவியாகும் நீரே தென்மேற்குப் பருவமழைக்குப் பெரும்பங்கு தருகிறது என்று கணக்கிட்டார். பூமத்திய ரேகையைக் கடந்து வரும் ஆவியைவிட, இந்தியாவின் மேற்குக் கரையைக் கடக்கும் ஆவி மிக அதிகம். எனவே இடையில் உள்ள கடல்தான் அந்த வேறுபாட்டைத் தந்திருக்க வேண்டும் என்பது அவர் தர்க்கம். தர்க்கத்தில் பழுதில்லை. ஆனால் அன்று ஆப்பிரிக்கக் கரையோரம் காற்றை அளந்த இடங்கள் மிகக் குறைவு. 1969இல் ஃபைண்ட்லேட்டர் என்ற ஆய்வாளர், கென்யா, சோமாலியா கரையை ஒட்டி, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில், மிக வேகமான ஒரு காற்றோட்டம் பூமத்திய ரேகையைக் கடந்து வடக்கே வருவதை விவரித்தார். பழைய கணக்கில் விடுபட்டது பெரும்பாலும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு 1975 கோடைக்காலத் தரவுகளை வைத்துப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவர் போட்ட கணக்கில், மேற்குக் கரையைக் கடக்கும் ஆவியில் ஏறத்தாழ 70 சதவீதம் தெற்கு அரைக்கோளத்திலிருந்து வந்தது, 30 சதவீதம் அரபிக்கடலில் ஏறியது என்று கிடைத்தது.

இந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு, வாரத்துக்கு வாரம் மாறும். ஆனாலும் படம் தெளிவாகிவிட்டது. மடகாஸ்கருக்குக் கிழக்கே மஸ்கரீன் தீவுகளைச் சுற்றியுள்ள உயரழுத்தத்திலிருந்து கிளம்பும் வணிகக்காற்று, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி மீது நாட்கணக்கில் ஈரம் சேர்த்துக்கொண்டு, ஆப்பிரிக்கக் கரையோரம் திரும்பி, அரபிக்கடலைக் கடந்து நம்மிடம் வருகிறது. சோமாலியக் கரையில் அந்தக் காற்றே ஆழத்துக் குளிர்நீரை மேலே இழுத்துவிடுவதால் அங்கே ஆவியாதல் குறைவு. நடு அரபிக்கடலுக்கு வந்த பிறகு மறுபடியும் ஈரம் ஏறுகிறது. குற்றாலத்தில் உங்கள் தோளில் விழும் ஆடி மாதத் துளியில் ஒரு பங்கு, சுமார் ஒரு வாரத்துக்கு முன்பு பூமத்திய ரேகைக்கு அந்தப்புறம், குளிர்காலம் நடக்கும் கடலில் இருந்தது.

இதை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று காற்றைப் பின்தொடர்வது, மற்றொன்று தண்ணீரையே விசாரிப்பது.

காற்றைப் பின்தொடரும் வழியில், மழை பெய்த இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொண்டு, கணினியில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். உலகம் முழுவதும் எடுத்த அளவீடுகளையும் செயற்கைக்கோள் தரவுகளையும் சேர்த்து, மணிக்கு மணி காற்றின் திசை, வேகம், ஈரப்பதம் எல்லாம் கட்டமாகக் கட்டமாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய வானிலை மையம் வெளியிடும் ஈஆர்ஏ5 தொகுப்பில் 1940 முதல் இன்றுவரை ஏறத்தாழ 31 கிலோமீட்டர் இடைவெளியில் இந்த விவரம் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஹைஸ்பிளிட் போன்ற மென்பொருளில் இதைக் கொடுத்தால், மழை விழுந்த வேளையில் அந்த இடத்துக்கு மேலே இருந்த காற்றுத் துண்டு ஆறு மணி நேரத்துக்கு முன்பு எங்கே இருந்தது, ஒரு நாளைக்கு முன்பு எங்கே, ஐந்து நாளைக்கு முன்பு எங்கே என்று வழித்தடம் வரைந்து கொடுக்கும். வளிமண்டலத்தில் ஒரு நீராவித் துகள் சராசரியாக எட்டு முதல் பத்து நாள் வரைதான் தங்கும் என்பதால் அதற்கும் பின்னால் போவதில் பெரிய பயன் இல்லை.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வழித்தடம் காட்டுவது காற்றை, நீரை அன்று. மடகாஸ்கரிலிருந்து கிளம்பிய காற்று, வழியில் மழையாகப் பெய்து தன் ஈரத்தை இழந்து, மறுபடியும் வேறு கடலில் புதிதாக ஈரம் ஏற்றியிருக்கலாம். ஆகவே வழித்தடம் முழுவதும் ஈரப்பதத்துக்குப் பேரேடு எழுத வேண்டும். ஒரு கிலோ காற்றில் உள்ள ஆவி கூடிய இடமெல்லாம் வரவு, குறைந்த இடமெல்லாம் செலவு. நடுவில் பெரிய செலவு நடந்திருந்தால் அதற்கு முந்தைய வரவுகள் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் தள்ளுபடி செய்ய வேண்டும். இப்படி எழுதி முடித்தால்தான், கடைசியில் மலையில் விழுந்த 10 மில்லிமீட்டரில் எந்தக் கடலுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்ல முடியும். ஒரே ஒரு வழித்தடத்தை வரைந்துவிட்டு "மழை இங்கிருந்துதான் வந்தது" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வெப்பமண்டலத்தில் இடிமேகம் ஒன்று கீழ்க்காற்றையும் மேல்காற்றையும் அரை மணி நேரத்தில் கலக்கிவிடும். பல உயரங்களில், பல நேரங்களில், நூற்றுக்கணக்கான தடங்களை ஓட்டிச் சராசரி பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

இரண்டாவது வழி, தண்ணீரின் எடையைப் பார்ப்பது. எல்லா நீர் மூலக்கூறுகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு மூலக்கூறுகளில் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் இருக்கும். இன்னும் குறைவான எண்ணிக்கையில் கனமான ஹைட்ரஜன் உள்ளவை இருக்கும். கனமானவை கடலிலிருந்து எழத் தயங்குகின்றன. மேகத்திலிருந்து விழுவதில் முந்துகின்றன. எனவே ஒரு மேகக்கூட்டம் வழியெல்லாம் பெய்துகொண்டே வந்தால், மிச்சம் இருக்கும் ஆவி மேலும் மேலும் இலேசாகிறது. விழுந்த மழையில் கனமான மூலக்கூறு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால், அந்த ஈரம் எவ்வளவு பெய்து களைத்து வந்தது என்பது தெரியும். கனமான ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒப்பிட்டால், அது ஆவியான கடலின் மேல் காற்று எவ்வளவு வறண்டிருந்தது என்ற தடயமும் கிடைக்கும். 1961 முதல் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து உலகெங்கும் மழைநீரை இப்படிச் சேகரித்து அளந்து வருகின்றன. இந்தியாவில் அகமதாபாதின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் இந்த வேலையில் முன்னோடி.

சேகரிப்பது எளிய வேலைபோலத் தெரியும். ஒரு புனல், அதன் அடியில் ஒரு பாட்டில். ஆனால் நம் ஊர் வெயிலில் பாட்டிலுக்குள் விழுந்த தண்ணீர் ஒரு பிற்பகலில் சிறிது ஆவியானாலே போதும். இலேசான மூலக்கூறுகள் முதலில் கிளம்பிவிடும், மிச்சம் கனத்துவிடும், அளவீடு பொய் சொல்லும். அதனால் புனலின் குழாயை மெல்லியதாக்கி பாட்டிலின் அடிவரை இறக்குவார்கள். அல்லது தண்ணீரின்மேல் பாரஃபின் எண்ணெய் மிதக்கவிடுவார்கள். மாதிரியை எடுத்து வைக்கும் சிறு பாட்டிலில் காற்றுக்குமிழியே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக மூட வேண்டும். அரை பாட்டில் தண்ணீரை அலட்சியமாக மூடி அனுப்பினால் அதை ஆய்வகத்தில் அளப்பதும் அளக்காததும் ஒன்றுதான்.

தென்னிந்தியாவில் இப்படி அளந்ததில் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவ மழையைவிட வடகிழக்குப் பருவ மழை இலேசானது, அதாவது கனமான ஆக்சிஜன் குறைவாக உள்ளது. காரணம் புரிகிறது. அரபிக்கடலிலிருந்து கேரளக் கரைக்கு வரும் ஆவி, பெரும்பாலும் வழியில் அதிகம் பெய்யாமல் வந்து முதன்முதலாக மலையில் மோதுகிறது. வங்கக்கடல் ஆவியோ பெரிய பெரிய மேகக்கூட்டங்களில் ஏறி இறங்கி, பெய்து, மறுபடி ஆவியாகி வருகிறது. போதாக்குறைக்கு, கங்கையும் பிரம்மபுத்திராவும் பருவமழைக் காலத்தில் கொட்டிய இலேசான நன்னீர் வங்கக்கடலின் மேற்பரப்பில் பரவியிருக்கிறது. புயல் மழை இன்னும் இலேசு. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். வெப்பமண்டலத்தில் கனத்த மழை, எந்தக் கடலிலிருந்து வந்தாலும், இலேசாகத்தான் இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துக் கடலைத் தீர்மானிக்கக் கூடாது. காற்றுத் தடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி கிழக்குப் பக்கம். வடகிழக்குப் பருவம் என்று பெயர் இருப்பதால் வடகிழக்குக் காற்று வீசினால் நமக்கு மழை என்று நினைக்கிறோம். சென்னைக்கும் கடலூருக்கும் அது ஓரளவு பொருந்தும். திருநெல்வேலிக்கு வடகிழக்கிலிருந்து வரும் காற்று தஞ்சை, இராமநாதபுரம் நிலப்பரப்பைக் கடந்து வரும். நேர் கிழக்கிலிருந்து வந்தால் இலங்கை குறுக்கே நிற்கும். நமக்கு உண்மையில் வேண்டியது, குமரிக்கடலிலோ இலங்கைக்குத் தென்மேற்கிலோ ஒரு தாழ்வுநிலை. அது அங்கே நின்று சுழலும்போது, வங்கக்கடலின் தென்பகுதி ஈரம் இலங்கையைச் சுற்றிக்கொண்டும் தாண்டியும் மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்து, கிழக்கு, தென்கிழக்குக் காற்றாக நேராக நம் கரைக்கு வருகிறது. அந்தக் காற்றுக்குப் பொதிகையின் கிழக்குச் சரிவு ஒரு செங்குத்துச் சுவர். ஜூலையில் மழை மறைவில் இருந்த அதே சரிவு நவம்பரில் மழையை எதிர்கொள்ளும் முகமாகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய எஸ்டேட்டுகளில் இந்த மாதங்களில் விழும் மழை, கீழே அம்பாசமுத்திரத்தில் விழுவதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

இதற்கு எதிர்மாறான நாட்களும் உண்டு. வங்கக்கடலில் உருவான புயல் ஆந்திரா பக்கமோ ஒடிசா பக்கமோ போனால், அது சுற்றிலும் உள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நமக்கு மேற்கிலிருந்து உலர்காற்று வரும். கார்த்திகை மாதம் வானம் வெளுத்துக் கிடந்தால், பெரும்பாலும் எங்கோ வடக்கே ஒரு புயல் நடந்துகொண்டிருக்கும்.

2023 டிசம்பரை யாரும் மறக்க மாட்டோம். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 946 மில்லிமீட்டர். அந்தப் பகுதியின் ஓராண்டு சராசரி மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது; தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் வந்தது. அது புயலும் அன்று, குமரிக்கடலை ஒட்டி நின்ற ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டுமே. அப்படி என்றால் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அத்தகைய நாளில் ஓர் இடத்துக்கு மேலே உள்ள நீராவி முழுவதையும் பிழிந்தாலும் 60, 65 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்காது. எனவே 946 மில்லிமீட்டர் பெய்ய வேண்டுமானால், தலைக்கு மேலே உள்ள ஈரம் முழுவதும் ஒரே நாளில் பதினைந்து முறை காலியாகிப் பதினைந்து முறை நிரம்பியிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், சூடான வெப்பமண்டலக் கடலில் ஒரு நாளில் ஆவியாவது சுமார் 5 மில்லிமீட்டர்தான். அப்படியானால் காயல்பட்டினத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், ஏறத்தாழ இருநூறு சதுர மீட்டர் கடலின் ஒரு நாள் ஆவி வந்து சேர்ந்திருக்கிறது. வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு நாளில் கடப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆகவே அந்த ஈரம் மன்னார் வளைகுடாவில் மட்டும் ஏறியதாக இருக்க வழியே இல்லை. இலங்கைக்குக் கிழக்கே, தென்வங்கக்கடலின் பரந்த பரப்பில் பல நாட்களாகச் சேர்ந்ததை, அசையாமல் நின்ற ஒரு சுழற்சி ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்தது. அந்த ஆண்டு பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் நிலையும் ஒன்றாக இருந்தன. இரண்டுமே வடகிழக்குப் பருவத்துக்கு வலுவூட்டக்கூடியவை.

அந்த நாட்களில் "மேகவெடிப்பு" என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சொல் ஒரு மணி நேரத்தில் திடீரெனக் கொட்டும் மழைக்குரியது. காயல்பட்டினத்தில் நடந்தது, கடலிலிருந்து ஈரத்தின் வரத்து மணிக்கணக்கில் அறுபடாமல் நீடித்தது. இந்த வேறுபாட்டில் உயிர் இருக்கிறது. வரத்து அறுபடாது என்பதை முன்கூட்டியே காற்றுப் படத்தில் பார்க்க முடியும் என்றால், அணையிலிருந்து எப்போது தண்ணீர் திறப்பது, தாழ்வான தெருக்களை எப்போது காலி செய்வது என்பதற்கெல்லாம் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

கோடை மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் மன்னார் வளைகுடாவின் கடற்காற்று உள்ளே வர, மேற்கிலிருந்து மலையைத் தாண்டிய காற்று அதை எதிர்கொள்ள, சந்திக்கும் கோட்டில் இடிமேகம் எழும்புகிறது. ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூசி பறக்கும். ஈரத்தின் மூலத்தைக் கண்டுபிடிப்பதில் மிகச் சிரமமானது இதுதான். ஏனெனில் காற்று மெதுவாகவும் தாறுமாறாகவும் நகரும். மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் எழும் ஈரத்துக்கும் அதில் கணிசமான பங்கு இருக்கும்.

இப்போது மூன்றாவது கேள்வி. நம் ஊரில் மரம் நட்டு, குளம் வெட்டினால் நம் ஊரில் மழை கூடுமா?

பருவமழைக் காலத்தில் காற்று வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டர் அகலமுள்ள நம் சீமையை அது மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடும். அந்த மூன்று மணி நேரத்தில் வயலும் குளமும் மரமும் சேர்ந்து அதில் ஏற்றக்கூடிய ஈரம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. காற்றில் ஏற்கெனவே 40, 50 மில்லிமீட்டர் இருக்கிறது. ஆகவே நம் குளத்து ஆவி நம் தலையிலேயே மழையாக விழும் என்று எதிர்பார்ப்பதற்குக் கணக்கு இடம் தரவில்லை. குளம் வேண்டும், மரம் வேண்டும். நிலத்தடி நீருக்கும் நிழலுக்கும் வெள்ளத்தைத் தாங்கவும் அவை வேண்டும். மழையை வரவழைக்கும் என்று சொல்லி அவற்றை நட்டால், இரண்டு வருடம் மழை பொய்த்ததும் ஜனங்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

ஆனால் மலைக்காடு வேறு கணக்கு. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வேர்வழியே உறிஞ்சி இலைவழியே வெளியிடும் ஈரம், தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் மழையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை தருகிறது என்று கண்டார்கள். பருவமழை தளர்ந்த ஆண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. காரணம் எளிது. கடலிலிருந்து வரத்து குறைந்த நாட்களிலும், முன்பு பெய்த மழையைக் காட்டு மண் தேக்கி வைத்திருக்கிறது. மரங்கள் அதை மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. ஒரு ஊரின் தோப்பால் ஆகாதது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து நிற்கும் காட்டால் ஆகிறது. களக்காடு முண்டந்துறையில் ஒரு சோலைக்காடு அழிந்தால், அதன் ஈரத்தை இழப்பது அங்கே நிற்கும் சிங்கவால் குரங்கு மட்டுமன்று. காற்றுத் திசையில் கிழக்கே இருக்கும் மானாவாரி நிலங்களும்தான்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜூலையில் பாளையங்கோட்டையில் மழை இல்லை. ஆனால் பாளையங்கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, கார் நெல் நிற்கிறது. அந்தத் தண்ணீர் பொதிகை முகட்டைத் தாண்டி வந்த தென்மேற்கு மழை, பாபநாசம் அணை வழியாக இறங்கி வருகிறது. அடுத்த நெல் போகமான பிசானத்துக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி வங்கக்கடலின் நீர். ஒரே வயலில், ஒரே ஆண்டில், கார் ஒரு கடலைக் குடித்து விளைகிறது, பிசானம் இன்னொரு கடலைக் குடித்து விளைகிறது. நெல்லையைப்போல இரண்டு கடல்களின் ஈரத்தையும் ஒரே ஆற்றில் வாங்கும் சமவெளி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. மேற்கே மலையாளப் பக்கம் மின்னுகிறதா, தென்கிழக்கே ஈழத்துப் பக்கம் மின்னுகிறதா என்று பார்த்து ஆற்றில் வெள்ளம் வருமா என்று கணித்த நம் முன்னோர் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள்.

நீங்களே ஒரு மழையைப் பின்தொடர்ந்து பார்க்க விரும்பினால் அதற்கு ஆய்வகம் தேவையில்லை. மழை விழுந்த நாளையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காற்றுப் படங்களில் அந்த நேரத்துக்கு 850 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தைத் திறவுங்கள். அது தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம், ஈரத்தின் பெரும்பகுதி அதற்குக் கீழும் அதை ஒட்டியும்தான் பயணிக்கிறது. தரையில் வீசிய காற்றின் திசையை நம்ப வேண்டாம். இடிமேகத்துக்கு அடியில் வீசும் குளிர்காற்று எந்தத் திசையிலும் அடிக்கும், அதற்கும் ஈரம் வந்த வழிக்கும் சம்பந்தமில்லை. பிறகு ஆறு ஆறு மணி நேரமாகப் பின்னால் போய், காற்றுக்கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தால், இரண்டு மூன்று நாள் தூரத்திலேயே அது எந்தக் கடலுக்குப் போய்ச் சேர்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்து, சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் உள்ள 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். கீழே கிழக்குக் காற்றும் மேலே மேற்குக் காற்றுமாக இருந்தால், அந்த மழையை ஒரே கடலின் பேரில் எழுதிவைக்காதீர்கள்.